முழுநாள் கிண்டர்கார்டன்: நம் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சில வருடங்களுக்கு முன்பு அரைநாள் கிண்டர்கார்டனை (முதல் வகுப்புக்கு முந்தைய, ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) முழுநாளாக மாற்றியது. அதற்காகப் போட்ட பெற்றோர் குழுவில் நானும் ஒருத்தி. அந்தக் குழுவில் உட்கார்ந்த பாவத்துக்கு இன்றுவரை எனக்குப் போன் வருகிறது. அடுத்த டிஸ்ட்ரிக்டில் இப்போதுதான் பேச்சு ஆரம்பித்திருக்கிறது என்பார்கள், அல்லது இந்தியாவிலிருந்து புதிதாக வந்து இறங்கியிருப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், பல நேரம் பக்கத்து ஊருக்கே மாறும். கடைசி வார்த்தை உங்கள் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தினுடையது.

அரைநாள் என்றால் எத்தனை மணி நேரம், முழுநாள் என்றால் எத்தனை?

அரைநாள் வகுப்பு சுமார் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச். முழுநாள் என்பது மற்ற வகுப்புகளைப் போலவே ஆறு, ஆறரை மணி நேரம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'முழுநாள்' என்பது உங்கள் ஆபீஸ் நேரம் இல்லை. பல பள்ளிகள் இரண்டரை, மூன்று மணிக்கே விட்டுவிடும். இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் கேருக்கு இப்போதே பெயர் கொடுங்கள். முழுநாள் அறிவிப்பு வந்த வருடம் எங்கள் ஊரில் முதலில் நிரம்பியது அந்த இடங்கள்தான்.

ஒரே நாட்டில் ஏன் ஓர் ஊரில் அரைநாள், ஓர் ஊரில் முழுநாள்?

கிண்டர்கார்டனை நடத்துவது எப்படி என்று சொல்லும் மத்திய சட்டம் எதுவும் இங்கே இல்லை. மாநிலம் பணம் தரும், சில நிபந்தனைகள் போடும். மீதியை முடிவு செய்வது அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு. (டிஸ்ட்ரிக்ட் என்றதும் நம் ஊர் மாவட்டமும் கலெக்டரும் நினைவுக்கு வரவேண்டாம். இது பள்ளிகளுக்கென்றே வரி போடும் தனி அமைப்பு. நம் மாவட்டம் மாதிரி இங்கே இருப்பது கவுண்டி. ஒரே கவுண்டியில் பத்துப் பதினைந்து டிஸ்ட்ரிக்ட்கூட இருக்கும்.)

கிண்டர்கார்டன் ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டனை 1856-இல் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனில் மார்கரெத்தே ஷூர்ஸ் நடத்தினார், அதுவும் ஜெர்மன் மொழியில். வீட்டு மொழியில் ஆரம்பித்த வகுப்பு என்பதை நினைவில் வையுங்கள், கீழே வேறொரு கேள்விக்கு உதவும். அரசுப் பள்ளிக்குள் அதைக் கொண்டுவந்தவர் சூசன் ப்ளோ, 1873-இல், செயின்ட் லூயிஸ் நகரில்.

அரைநாள் முறை பரவியதற்குப் பெரிய காரணம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆசிரியர் பற்றாக்குறையும் போருக்குப் பின் குவிந்த பிள்ளைகளும். இருக்கிற அறையையும் ஆசிரியரையும் வைத்து இரண்டு பேட்ச் ஓட்டினார்கள். அது நிலைத்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று யாரோ கண்டுபிடித்து வைத்த ஏற்பாடு என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன்.

திரும்பி முழுநாளுக்கு வருவது ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக நடக்கிறது. மேரிலாந்து 2007-08-க்குள் எல்லா டிஸ்ட்ரிக்டும் மாற வேண்டும் என்றது. மினசோட்டா 2014-இலும் ஆரிகன் 2015-இலும் முழுநாளுக்குப் பணம் தரத் தொடங்கின. வாஷிங்டன் மாநிலம் ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் ஆரம்பித்து, 2016-17-இல் எல்லோருக்கும் கொடுத்து முடித்தது. கொலராடோ 2019-இல் வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் கதைதான் எனக்குப் பிடித்தது: 2017-இல் கீனோ என்ற லாட்டரி விளையாட்டை அனுமதித்து, அந்த வருமானத்தைக் காட்டி முழுநாள் கிண்டர்கார்டனுக்குக் கூடுதல் பணம் ஒதுக்கினார்கள். பத்திரிகைகள் அதற்கு 'கீனோகார்டன்' என்றே பெயர் வைத்துவிட்டன. இல்லினாய் டிஸ்ட்ரிக்டுகளுக்கு 2027-28 கெடு, சிலவற்றுக்கு மட்டும் சலுகைக் காலம் உண்டு.

மூன்று மணி நேரம் கூட்டுவதற்கு ஏன் இரண்டு மூன்று வருடம் இழுக்கிறார்கள்?

அறை. பாதிக் கூட்டங்களில் நாங்கள் பேசியது இதைத்தான்.

ஒரு பள்ளியில் 120 கிண்டர்கார்டன் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு 20 பேர் என்றால் ஆறு வகுப்பு. அரைநாளில் காலை மூன்று, மதியம் மூன்று, ஆக மூன்று அறையும் மூன்று ஆசிரியரும் போதும். முழுநாளில் ஆறு அறை, ஆறு ஆசிரியர் வேண்டும். டிஸ்ட்ரிக்டில் இப்படிப் பத்து ஆரம்பப் பள்ளி இருந்தால் முப்பது அறைகளை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதுவும் எந்த அறையும் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தரைத்தளம் வேண்டும், அறைக்குள்ளேயோ பக்கத்திலேயோ டாய்லெட் வேண்டும், கை கழுவ எட்டும் உயரத்தில் தொட்டி வேண்டும்.

அறை கிடைக்காத பள்ளிகளில் முதலில் பலியாவது மியூசிக் ரூமும் ஆர்ட் ரூமும். ஆர்ட் டீச்சர் பெயிண்ட்டையும் பிரஷ்ஷையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார். அடுத்த வழி, பள்ளியின் பின்புறம் போர்ட்டபிள் அறைகளை இறக்குவது. கிண்டர்கார்டனை உள்ளே வைத்துவிட்டு நாலாம், ஐந்தாம் வகுப்பை வெளியே அனுப்புவார்கள். அந்தப் பெற்றோர்கள் கூட்டத்துக்கு வந்து சண்டை போடுவார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

அறை கிடைத்தபின் மற்ற கணக்கு. கேஃபடேரியாவில் இன்னொரு ஷிப்ட், மைதானத்தில் இன்னொரு ரீசஸ் (விளையாட்டு இடைவேளை), பி.இ. (உடற்பயிற்சி), லைப்ரரி வகுப்புகளுக்குப் புது அட்டவணை. மிச்சமாவது ஒன்றே ஒன்று: நடுப்பகலில் ஓடும் பஸ். காலை பேட்ச்சை வீட்டில் விட்டு மதிய பேட்ச்சைக் கூட்டிவரும் அந்த ட்ரிப் இனி வேண்டாம்.

அப்படியென்றால் எங்கள் வரி ஏறுமா?

ஏறலாம். இரண்டு வகைச் செலவைப் பிரித்துப் பாருங்கள். கட்டடச் செலவு ஒருமுறை வருவது. அதற்குக் கடன் வாங்கலாமா என்று ஊர் மக்களிடம் கேட்டு டிஸ்ட்ரிக்ட் பாண்ட் ஓட்டெடுப்பு வைக்கும், ஜெயித்தால் வீட்டு வரியில் சேர்ந்து பல வருடம் கட்டுவீர்கள். ஆசிரியர் சம்பளம் வருடா வருடம் வருவது. பாண்ட் பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது. மாநிலம் ஒரு கிண்டர்கார்டன் பிள்ளையை அரை மாணவராகக் கணக்கிட்டுப் பணம் தருகிறதா, முழு மாணவராகவா என்பதுதான் இங்கே உயிர்நாடி. அரையாகக் கணக்கிட்டால் மீதியை உள்ளூர் வரியிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு எதையாவது வெட்ட வேண்டும்.

கூட்டத்தில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அதில் 'என் பிள்ளைக்கு நல்லது' என்று சொல்வதைவிட, 'ஐந்தாவது வருடம் இந்தச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்ட் நன்றாகத் திட்டமிட்டிருக்கிறது என்று நம்பலாம்.

அரசுப் பள்ளிதானே, பீஸ் கேட்கிறார்களே?

சில இடங்களில் கேட்பார்கள். அரைநாள் இலவசம், மீதி அரைநாளுக்கு மாதக் கட்டணம் என்ற ஏற்பாடு பல ஊர்களில் இருந்தது. மாநிலம் முழுப் பணம் தரும் வரை கொலராடோவிலும் பல டிஸ்ட்ரிக்டுகள் இப்படித்தான் வாங்கின. வருமானம் குறைவென்றால் சலுகை உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

வரி தாக்கல் செய்யும்போது பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். கிண்டர்கார்டனுக்குக் கட்டும் பீஸை ஐஆர்எஸ் (வருமான வரித் துறை) குழந்தைப் பராமரிப்புச் செலவாக ஏற்காது, பராமரிப்புச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் டிபெண்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ பணத்திலிருந்தும் கட்ட முடியாது. ப்ரீஸ்கூலுக்குச் செய்ததையே தொடர்ந்து செய்துவிடாதீர்கள். பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புக்குக் கட்டுவது மட்டும் கணக்கில் வரும்.

அவ்வளவு நேரம் குழந்தை தாங்குமா?

முதல் மூன்று நான்கு வாரம் கஷ்டம்தான். வீட்டுக்கு வந்ததும் அழும், காரிலேயே தூங்கும், ஒன்றுமில்லாத காரணத்துக்குக் கத்தும். டே கேரில் எட்டு மணி நேரம் இருந்து பழகிய பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது, ஏனென்றால் அங்கே தூக்கம் உண்டு. இங்கே சில பள்ளிகள் ஆரம்ப மாதங்களில் இருபது முப்பது நிமிடம் ஓய்வு நேரம் வைக்கும், அப்புறம் மெல்ல எடுத்துவிடும். அந்த முதல் மாதம் நீச்சல், பரதம், செஸ் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். இரவு எட்டு மணிக்குப் படுக்கட்டும்.

நேரத்தைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் வேறு. கூடுதல் மூன்று மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள்? காலையில் ஒரு ஒர்க்‌ஷீட், மதியம் இன்னொரு ஒர்க்‌ஷீட் என்றால் அரைநாளே மேல். அதனால் ஓரியன்டேஷன் நாளில் அன்றாட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் ரீசஸ் எத்தனை முறை, பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்து விளையாடும் நேரம் எவ்வளவு, ஒரே இடத்தில் உட்கார வைப்பது தொடர்ந்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள். எங்கள் குழுவில் இருந்த கிண்டர்கார்டன் ஆசிரியை ஒருவர் சொன்னது: அரைநாளில் அவர் நாள் முழுக்கப் பிள்ளைகளின் ஜாக்கெட்டைக் கழற்றவும் மாட்டவும்தான் செய்தாராம், நடுவில் கொஞ்சம் பாடம்.

முழுநாளில் படித்தால் படிப்பில் முந்துமா?

முதல் வருடம், ஆமாம். 1998-இல் கிண்டர்கார்டன் சேர்ந்த பிள்ளைகளை நாடு முழுவதும் தொடர்ந்து கவனித்த பெரிய அரசு ஆய்வு ஒன்று உண்டு. அதன் தரவுகளை வைத்துப் பார்த்தவர்கள், வருட முடிவில் முழுநாள் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் ஓரளவு முன்னே இருந்ததைக் கண்டார்கள். ஆனால் மூன்றாம் வகுப்புக்குள் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது, பல ஆய்வுகளில் காணாமலே போய்விடுகிறது. ஆகவே 'முழுநாள் போனால் டாப்பராக வருவான்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

என் மட்டில் பெரிய லாபம் மார்க்கில் தெரியாதது. மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். அரைநாளில் ஓர் ஆசிரியருக்கு இரண்டு பேட்ச், 40 பிள்ளைகள், 40 குடும்பங்கள், 40 ரிப்போர்ட் கார்டு. முழுநாளில் 20. பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 20 பேரில் கண்டுபிடித்துவிடலாம். கண் சரியாகத் தெரியவில்லை, காது மந்தமாக இருக்கிறது, எழுத்துகள் குழம்புகின்றன என்பதையெல்லாம் கவனிக்க மூன்று மணி நேரம் போதாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கண்ணாடி வேண்டும் என்று கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, கிண்டர்கார்டன் டீச்சர்.

மதியச் சாப்பாடு?

முழுநாளில் பிள்ளைகள் உண்மையில் திணறுவது இங்கேதான். சாப்பிட இருபது இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். அதில் வரிசையில் நடந்து போவது, டப்பாவைத் திறப்பது, பக்கத்தில் இருப்பவனோடு பேசுவது எல்லாம் அடக்கம். ஊட்டிவிட யாரும் இல்லை. ஜூன் மாதத்திலிருந்தே வீட்டில் பழக்குங்கள்: டைமர் வைத்து, லஞ்ச் பாக்ஸில், தானே திறந்து, தானே சாப்பிட வேண்டும். தெர்மாஸ் மூடி பிள்ளையின் கைக்குத் திறக்கிறதா என்று பாருங்கள். நாம் பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக்கி மூடி அனுப்புவோம், அது அப்படியே திரும்பி வரும்.

தயிர்சாதம், இட்லி, சப்பாத்தி ரோல் எதுவும் சரிதான். வேர்க்கடலைச் சட்னி மட்டும் அனுப்புவதற்கு முன் வகுப்பில் யாருக்கும் நட் அலர்ஜி இல்லையே என்று கேளுங்கள். பள்ளியில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கலிஃபோர்னியா, மெய்ன், மினசோட்டா, கொலராடோ போன்ற மாநிலங்களில் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். சைவம் என்றால் டீச்சருக்கு எழுதிக் கொடுங்கள். பெப்பரோனி என்றால் இறைச்சி என்று ஐந்து வயதுக்குத் தெரியாது.

டாய்லெட்?

தானே போய், தானே சுத்தம் செய்துகொண்டு, தானே பட்டன் போட்டுக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் இருக்காது, பேப்பர்தான். கொஞ்சம் தர்மசங்கடமான பாடம்தான், ஆனால் கோடையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பெல்ட், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். பையில் ஒரு மாற்று உடை எப்போதும் இருக்கட்டும்.

ஊரில் யூகேஜி முடித்துவிட்டாள். இங்கே நேராக முதல் வகுப்பில் போடுவார்களா?

பிறந்த தேதிதான் முடிவு செய்யும். கலிஃபோர்னியாவில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், நியூயார்க் மாநிலத்தில் பல இடங்களில் டிசம்பர் 1 வரை விடுவார்கள். உங்கள் மகள் கூட்டல் கணக்கும் கர்சிவ் எழுத்தும் தெரிந்து வந்திருக்கலாம். அதனால் வகுப்பு மாறிவிடாது. தாண்டி சேர்க்கும் டிஸ்ட்ரிக்டுகளில்கூட அதற்குத் தனியாகச் சோதித்துப் பார்ப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு கேள்வி வரும்: கோடையில் பிறந்த பையனை ஒரு வருடம் நிறுத்தி அனுப்பலாமா? இங்கே அதை ரெட்ஷர்ட் என்பார்கள், கல்லூரி விளையாட்டிலிருந்து வந்த சொல். முழுநாள் வந்தபின் இப்படி நிறுத்தலாமா என்று யோசிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஒரே பதில் கிடையாது. ப்ரீஸ்கூல் டீச்சரிடம் கேளுங்கள், வாட்ஸப் குரூப்பில் கேட்காதீர்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி என்று கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கி வைத்துவிடுவார்களாமே?

இந்த ஒரு கேள்வியை என்னிடம் நூறு முறையாவது கேட்டிருப்பார்கள். 'இங்கிலீஷ்னே போட்டுடுங்க, இல்லாட்டி இஎஸ்எல்ல தள்ளிடுவாங்க' என்ற அறிவுரை நம்மவர்களிடையே பரம்பரைச் சொத்துபோல் கைமாறுகிறது. (இஎஸ்எல் என்பது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு.)

நடப்பது இதுதான். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு உதவி தராமல் வகுப்பில் சும்மா உட்கார வைப்பது சட்ட விரோதம் என்று 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கு அது. அந்த உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கவே இந்தப் படிவம். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஒரு சிறிய ஆங்கிலச் சோதனை வைப்பார்கள். நன்றாகப் பேசினால் விஷயம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் வழக்கமான வகுப்பிலேயே இருந்துகொண்டு வாரத்தில் சில நேரம் கூடுதல் உதவி. அது வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. மறுத்தாலும், தேர்ச்சி பெறும் வரை வருடாந்திர மொழித் தேர்வு மட்டும் தொடரும். கூச்சத்தில் வாயே திறக்காமல் சோதனையில் தவறும் பிள்ளைகள் உண்டு. அது குறை இல்லை, அடுத்த சோதனையில் தேறலாம்.

இந்த நாட்டின் முதல் கிண்டர்கார்டனே வீட்டு மொழியில் ஆரம்பித்ததுதான் என்று மேலே சொன்னேனே, தமிழ் என்று எழுதக் கூச்சம் வேண்டாம். பொய் எழுதினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். 'பாட்டியிடம் தமிழ்தான் பேசுவான்' என்பது டீச்சருக்குத் தெரிந்தால், முதல் வாரம் அவன் பேசாமல் இருப்பதை வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்.

என்னென்ன பேப்பர் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது கரண்ட் பில், தடுப்பூசி விவரம். விசா கேட்கக் கூடாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் அரசுப் பள்ளி இடம் மறுக்க முடியாது என்பது 1982-இல் ப்ளைலர் எதிர் டோ வழக்கில் வந்த தீர்ப்பு.

தடுப்பூசியில் இரண்டு விஷயம். சின்னம்மை ஊசி இந்திய அரசு அட்டவணையில் இல்லை, தனியாரில் போட்டிருந்தால்தான் இருக்கும். இங்கே பெரும்பாலான மாநிலங்கள் இரண்டு டோஸ் கேட்கும். அப்புறம், சில இடங்களில் காசநோய்ச் சோதனை உண்டு. பிசிஜி போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோலில் செய்யும் சோதனை நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எங்களுக்கு அரைநாளே போதும். முடியுமா?

பெரும்பாலான மாநிலங்களில் கிண்டர்கார்டன் கட்டாயமே இல்லை. சில டிஸ்ட்ரிக்டுகள் மாறிய பின்னும் அரைநாள் தேர்வை வைத்திருக்கும், சில இடங்களில் முன்னதாகவே கூட்டிப்போக அனுமதி தருவார்கள். ஆனால் சேர்த்துவிட்டால் வருகைப் பதிவு எண்ணப்படும். ஜனவரியில் ஆறு வாரம் ஊருக்குப் போகிற திட்டமிருந்தால் முதலிலேயே பேசுங்கள். நீண்ட விடுப்பில் பெயரை நீக்கிவிட்டு, திரும்பி வந்ததும் புதிதாகச் சேரச் சொல்லும் இடங்கள் உண்டு.

தாத்தா பாட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் பஸ்ஸிலிருந்து கூட்டி வரலாமா?

தாராளமாக. பல டிஸ்ட்ரிக்டுகளில் கிண்டர்கார்டன் பிள்ளையை ஸ்டாப்பில் தனியாக இறக்கிவிட மாட்டார்கள். பெரியவர் யாரும் நிற்கவில்லை என்றால் பஸ் பிள்ளையோடு பள்ளிக்கே திரும்பிவிடும். அதனால் எமர்ஜென்சி கார்டில் அவர்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் எங்கே வருகிறது என்பதில்கூட வித்தியாசம் வேண்டாம். பள்ளிக்கே போய்க் கூட்டிவருவதென்றால் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட் செல்லும். என் மாமனார் முதல் நாள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போய், என் மகன் ஓடிவந்து 'தாத்தா' என்று காலைக் கட்டிக்கொண்டபிறகும் விடமாட்டேன் என்றுவிட்டார்கள். அவருக்கு ஒரே கோபம். நான் ஆபீஸிலிருந்து கிளம்பிப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை மூன்று பேரும், அதாவது அவர், பேரன், ஆபீஸ் கிளார்க், ஒரு பாக்கெட் கோல்ட்ஃபிஷ் பிஸ்கட்டைக் காலி செய்திருந்தார்கள்.